அரக்குச் சேலையும் லேஸர் விளக்கும்

காஞ்சீபுரத்தில் ஒரு கலியாணத்திற்குப் போயிருந்தேன். மண்டபம் பெரியது, கூட்டம் அதைவிடப் பெரியது. பின்வரிசைக்காரர்களுக்கு மணவறை கண்ணில் படாது என்பதற்காக, இக்காலத்து வழக்கப்படி ஒரு வெண்திரையைத் தொங்கவிட்டு, மணமக்களின் உருவத்தை அதன்மேல் படமாக விழச் செய்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு நெசவாளர் உட்கார்ந்திருந்தார். மணப்பெண் உடுத்தியிருந்த கூறைப்புடவை அவருடைய தறியில் நெய்தது. உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, இழையோடு இழை கோத்துக்கொண்ட கோர்வைப் புடவை. உடல் முழுவதும் அரக்கு, கரை பச்சை.

பெரியவர் திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று மணவறையை எட்டிப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"ஏன் ஐயா, நான் நெய்தது அரக்கு. அங்கே தெரிகிறது செங்கல் பொடி. குற்றம் எங்கள் சாயத்திலா, அவர்கள் விளக்கிலா?" என்று கேட்டார்.

"படம் பிடிக்கிற கருவியிலும் கொஞ்சம் இருக்கலாம், பெரியவரே" என்று மழுப்பினேன். அவர் விடுவதாயில்லை. ஆகவே படங்காட்டும் யந்திரத்தின் அருகே நின்ற பையனிடம் போய் விசாரித்தேன். அவன் மிகுந்த பெருமையுடன், "இதில் பல்பே கிடையாது, சார்! லேஸர்! 20,000 மணி நேரம் கவலை இல்லை" என்றான். பெரியவருடைய கேள்விக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. மீதிப் பாதியைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டுக்கும் வெளிச்சத்திற்கும் உள்ள உறவைக் காஞ்சீபுரத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சாயம் போடுகிறவர்கள் நூல் கழியைப் பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் மாதிரியோடு ஒத்துப் பார்க்கிறார்கள். கடைக்கு வரும் பெண்டிரோ, எத்தனை விளக்குகள் எரிந்தாலும், "புடவையை வாசலுக்குக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லி வெயிலில் விரித்துப் பார்க்காமல் பணப்பையைத் திறப்பதில்லை. இதைச் சிலர் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று நினைப்பதுண்டு. இதைவிடச் சரியான விஞ்ஞான பரீட்சை வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால், சேலைக்கென்று சொந்தமாக ஒளி கிடையாது. தன்மேல் விழும் ஒளியில் சிலவற்றை விழுங்கிவிட்டுச் சிலவற்றைத் திருப்பிக் கொடுக்கிறது. அப்படித் திரும்பி வருவதையே வர்ணம் என்கிறோம். அரக்குச் சேலை நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடும். அது திருப்பித் தருவதெல்லாம் செவ்வொளி. அதாவது 600 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள கிரணங்கள். விளக்கிலேயே அந்தக் கிரணங்கள் இல்லையென்றால் சேலை எதைத் திருப்பித் தரும்? கொடாத கடன் வசூலாகுமா?

இனி, பையன் சொன்ன லேஸருக்கு வருவோம். பெட்டிக்குள் இருக்கும் லேஸர் நீலமானது. சுமார் 450 நானோமீட்டர். நீல ஒளியிலிருந்து வெண்மை எப்படிப் பிறக்கிறது? பாஸ்பர் என்ற ஒளிமாற்றுப் பொருள் ஒன்றினால். (பெயரைப் பார்த்துத் தீப்பெட்டிக்கு உபயோகமாகும் பாஸ்பரஸ் என்று எண்ணிவிடக் கூடாது, இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை.) ஒரு நிறத்து ஒளியை உண்டு வேறு நிறத்து ஒளியை உமிழும் பொருள்கள் பல உண்டு. கொயினா மருந்தைக் கரைத்த நீர் கண்ணுக்குத் தெரியாத ஊதா கடந்த கிரணங்களை உண்டு நீலமாய் ஒளிர்வதைக் கண்டு, 1852-ல் ஸ்டோக்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் பண்டிதர் ஒரு விதியை எழுதி வைத்தார். உமிழும் ஒளி, உண்ட ஒளியைவிட நீண்ட அலையாகவே இருக்கும். நீண்ட அலைக்குச் சக்தி குறைவு. அந்த வித்தியாசம் எங்கே போகிறது? நோட்டை மாற்றித் தருகிறவன் வட்டம் பிடித்துக்கொள்வதுபோல, அந்தப் பொருள் அதை உஷ்ணமாகப் பிடித்துக்கொள்கிறது. இந்த வட்டந்தான் நம் கதையில் வரும் தொல்லைகளில் பாதிக்குக் காரணம்.

இப்பொழுது வீடுதோறும் எரியும் வெள்ளை எல்.இ.டி. விளக்கும் இதே வம்சந்தான். பிரகாசமான நீல எல்.இ.டி.யை ஜப்பானில் நாகாமுரா 1993-ல் செய்து காட்டினார். அவர் வேலை பார்த்த நிச்சியா கம்பெனி 1996-ல் அதன்மேல் ஒரு மஞ்சள் பொடியைப் பூசி வெள்ளை விளக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீலத்தில் ஒரு பகுதி அப்படியே வெளியே வருகிறது. மறு பகுதி பொடியில் பட்டு மஞ்சளாகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றுகிறது. நீல எல்.இ.டி.க்காக அகாஸாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. மஞ்சள் பொடிக்குப் பரிசு கிடைக்கவில்லை!

அந்தப் பொடி எது தெரியுமா? நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகத்திற்கு ஒன்றுவிட்ட சகோதரம். அதே படிக அமைப்பு. ஆனால் இட்ரியம், அலுமினியம், பிராணவாயு ஆகிய மூன்றையும் கொண்டு மனிதன் உலையில் செய்தது. தனியாக இருந்தால் அதற்கு நிறமே இல்லை. இட்ரியத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில், பல சமயம் அதற்கும் குறைவாக, ஸீரியம் என்ற உலோகத்தைப் புகுத்தினால் நீலத்தை உண்டு மஞ்சளை உமிழ ஆரம்பித்துவிடுகிறது.

எல்.இ.டி. இருக்கும்போது லேஸர் எதற்கு என்று கேட்கலாம். ஒரே இடத்திலிருந்து மிகுந்த ஒளி வேண்டுமானால் எல்.இ.டி. தோற்றுவிடுகிறது. அதில் மின்சாரத்தை ஏற்ற ஏற்றத் திறமை குறைகிறது. லேஸர் ஒளியையோ கடுகளவு இடத்தில் குவிக்கலாம். அங்கிருந்து கிளம்பும் வெள்ளொளியைக் கண்ணாடி வில்லைகளால் வெகு தூரம் அனுப்பலாம். 2014-ல் பி.எம்.டபிள்யூ, ஆடி என்ற இரு ஜெர்மன் கம்பெனிகள் இத்தகைய விளக்கை மோட்டாரின் முகப்பில் பொருத்தின. பி.எம்.டபிள்யூ.வின் விளக்கு 600 மீட்டர் தூரம் பாதையைக் காட்டியது. இந்த நீல லேஸரும் மஞ்சள் பாஸ்பரும் பள்ளிக்கூடங்களுக்கும், சினிமாக் கொட்டகைகளுக்கும், கலியாண மண்டபங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டன.

அந்தக் கடுகளவு இடத்தின் கஷ்டத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில் 10 வாட் நீல ஒளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். காஞ்சீபுரத்துச் சித்திரை மாத உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். கணக்குப் போட்டால் இந்த லேஸர் புள்ளி உச்சி வெயிலைப்போல் பதினாயிரம் மடங்கு! அதில், பொருள் எவ்வளவு உத்தமமானதாக இருந்தாலும், நீலம் மஞ்சளாக மாறும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உஷ்ணமாகத் தங்கியே தீரும். உஷ்ணம் ஏறினால் பாஸ்பர் மங்குகிறது. மங்கினால் ஒளியாகப் போகவேண்டியதும் உஷ்ணமாகிறது. அதனால் மேலும் மங்குகிறது. கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்குகிறவன் கதைதான். கடைசியில் புள்ளி கருகும். அல்லது தகடு வெடிக்கும். வெடித்தால் மஞ்சளாக மாறாத நீல லேஸர் நேரே வெளியே பாய்ந்து கண்ணைக் கெடுக்கும். ஆகையால் மோட்டார் விளக்குகளில், தகட்டுக்குச் சேதம் வந்தால் லேஸரை உடனே அணைத்துவிடும் காவலும் உடன் வைத்திருக்கிறார்கள்.

எல்.இ.டி. விளக்கில் இந்தப் பொடியை ஸிலிகோன் என்ற பிசினில் குழைத்து அப்பியிருப்பார்கள். லேஸருக்கு அது உதவாது. கோமேதகப் பொடி சுமார் 200 டிகிரி வரையில் சமாளிக்கும். பிசின்தான் பழுத்துக் கருகிவிடுகிறது. தவிரவும், உஷ்ணத்தைக் கடத்துவதில் அது பரம சோம்பேறி. அதன் கடத்தும் திறனை 1 என்று வைத்தால் கோமேதகக் கட்டிக்கு 50, அலுமினாவுக்கு 150. இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டே இத்துறையில் சமீப வருஷங்களில் நடந்த வேலையைப் பெரும்பாலும் விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் செய்த உபாயம் வேடிக்கையானது. பிசினைக் கைவிடாமலே, அதை ஒரு சக்கரத்தின் விளிம்பில் பூசி, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலவிட்டார்கள். ஒரே இடம் நெடுநேரம் சுடுபடாது அல்லவா? தோசைக்கல்லின் மேல் கையை வைத்து வைத்து எடுப்பதுபோல. கலியாண மண்டபங்களில் உள்ள யந்திரங்கள் பலவற்றுள் இத்தகைய சக்கரந்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் மோட்டார் வண்டியின் முகப்பில் அப்படிச் சுழலும் சக்கரத்தை வைத்து யார் காப்பாற்றுவது? பிறகு பொடியைக் கண்ணாடியில் உருக்கிச் சேர்த்துப் பார்த்தார்கள். அது பிசினைவிட மேல். ஆயினும் கண்ணாடியும் உஷ்ணத்தை விரைவில் விடுவதில்லை.

பிசினையும் கண்ணாடியையும் அடியோடு விலக்கி, பீங்கான் செய்வதுபோல் பொடிகளையே அழுத்தி, 1,700 டிகிரியை ஒட்டிய சூட்டில் காற்றில்லாத உலையில் சுட்டெடுத்த தகடுதான் மூன்றாவது வழி. இதிலும் இப்போது சிறப்பாகப் பேசப்படுவது, கோமேதகத்தோடு அலுமினாவையும் கலந்து சுட்ட தகடு. இரண்டும் எத்தனை சூட்டிலும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. நல்ல மாமியாரும் நல்ல மருமகளும் போல் ஒரே தகட்டில் தனித்தனியே வாழ்கின்றன. கோமேதகம் ஒளியைக் கவனித்துக்கொள்ள, அலுமினா உஷ்ணத்தைக் கொண்டுபோய் அடியிலுள்ள உலோகத்தில் தள்ளிவிடுகிறது. சூளையில் தப்பிப்போய்த் தகட்டில் தங்கும் நுண்ணிய துவாரங்களைக்கூட இப்பொழுது குறையாகக் கருதுவதில்லை. அளவாக இருந்தால் அவை ஒளியைச் சிதறடித்து நீலத்தையும் மஞ்சளையும் நன்கு கலக்கின்றன. எத்தனை துவாரம், எவ்வளவு பெரியது, தகடு எவ்வளவு மெல்லியது என்பதெல்லாம் சாயத்தொட்டிக்காரனின் கைப்பக்குவம் போன்ற விஷயங்கள்.

சரி, சூடு தாங்கியாயிற்று. அரக்கு திரும்பி வந்துவிட்டதா? இல்லை. இங்கேதான் பெரியவருடைய கேள்வி முள்போல் நிற்கிறது.

ஸீரியம் கலந்த கோமேதகம் மஞ்சளைத் தாராளமாக வழங்கும். சிவப்பில் மட்டும் கருமி. படங்காட்டும் யந்திரம் தனக்கு வேண்டிய சிவப்பை அந்த மஞ்சளிலிருந்தே வடிகட்டி எடுக்கிறது. வருவது கொஞ்சம், அதுவும் காவியைச் சார்ந்த சிவப்பு. அரக்கு செங்கல் பொடியான ரகசியம் இதுவே. 'எம்.எஸ். நீலம்' என்று ஸ்ரீமதி எம்.எஸ். சுப்புலக்ஷ்மியின் பெயரால் வழங்கும் நீலத்தைப் பெண் உடுத்தியிருந்தால் பெரியவர் இவ்வளவு மனத்தாங்கல் கொண்டிருக்க மாட்டார்.

சிவப்பை வருவிக்க முயலாமல் இல்லை. கோமேதகத்தில் இட்ரியத்தை ஓரளவு எடுத்துவிட்டுக் கடோலினியத்தை வைத்தால் மஞ்சள் சிவப்புப் பக்கம் நகரும். உடனே சூடு தாங்கும் குணம் குறையும். யூரோபியம் கலந்த நைட்ரைடு வகைப் பொருள்கள் உத்தமமான சிவப்பைத் தருகின்றன, நல்ல எல்.இ.டி. விளக்குகளில் அவற்றைச் சேர்க்கிறார்கள். லேஸரிடம் அவை வேறு விதத்தில் தோற்கின்றன. நாடா தறியின் அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தால்தானே அடுத்த ஊடையைப் போடலாம்? ஸீரியத்தின் நாடா ஒரு விநாடியில் கோடிப் பங்கிலும் குறைந்த நேரத்தில் திரும்பி வந்துவிடுகிறது. யூரோபியத்தின் நாடாவுக்கு அதைப்போல் பத்து மடங்கு நேரமாகிறது. லேஸரோ ஓயாமல் ஒளியைக் கொட்டுகிறது. வெளியே போன நாடாக்கள் திரும்புமுன் மேலும் மேலும் ஒளி வந்து விழ, பொருள் திணறி நின்றுவிடுகிறது. இன்று லேஸர் விளக்கு ஆராய்ச்சிக்காரர்கள் மிகுதியாகத் தலையை உடைத்துக்கொள்வது இந்தச் சிவப்புக்காகத்தான். சிலர் நைட்ரைடையும் பிசினில்லாமல் தகடாகச் சுடப் பார்க்கிறார்கள். சிலர் தனியாக ஒரு சிவப்பு லேஸரையே பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். பின்னது சுலபம், ஆனால் செலவு.

ஸீரியம் என்ற பெயரை நேயர்கள் புதிதாகக் கேட்பதுபோல் தோன்றலாம். உண்மையில் அது நம் தெருவுக்குப் பழைய விருந்தாளி. சுவாமி புறப்பாட்டில் தலைமேல் சுமந்து போன காஸ் விளக்கு, கலியாண ஊர்வலத்துப் பெட்ரோமாக்ஸ் இவற்றை வயது சென்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றின் வலைத்திரியைக் கண்டுபிடித்தவர் ஆவர் என்ற ஆஸ்திரிய ரஸாயனி. நூற்றுக்கு 99 பங்கு தோரியமும் ஒரு பங்கு ஸீரியமும் சேர்ந்தால்தான் அந்த வெள்ளொளி வரும் என்று 1891-ல் அவர் கண்டார். அங்கும் நூற்றுக்கு ஒன்று! அங்கே உஷ்ணம் ஒளியைப் பெற்றெடுத்த தாய்; இங்கே உஷ்ணம் சத்துரு. அதே ஸீரியம் இரண்டு இடத்திலும் உத்தியோகம் பார்க்கிறது.

அந்த வலைத்திரிக்கு வேண்டிய தோரியமும் ஸீரியமும் மோனஸைட் மணலில் இருக்கின்றன. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கரையில் இந்த மணலைக் கண்டார். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல் அவருக்கு வழிகாட்டியது என்பார்கள். விரைவில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. அப்போது நாம் மணலை மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றினோம். வலைத்திரியை டஜன் கணக்கில் விலைக்கு வாங்கினோம். 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் ஏற்பட்டது. 1956-ல் கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மோனஸைட்டில் தோரியம் இருப்பதால் அது அணுசக்தி இலாகாவின் கட்டுக்காவலில் இருக்கிறது. பிரித்தெடுக்கும் அபூர்வ மண் உலோகங்களில் ஏறக்குறையப் பாதி ஸீரியமே. ஆக, விளக்குக்கு நிறம் தரும் பொருள் நம்மிடம் மிகுதியாக உண்டு. இட்ரியமோ அந்த மணலில் மிகச் சொற்பம். உலகத்துக்கு இட்ரியம் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் போகிறது. 2025 ஏப்ரலில் சீன சர்க்கார் இட்ரியம் உள்பட ஏழு அபூர்வ மண் உலோகங்களின் ஏற்றுமதிக்கு லைசென்ஸ் வேண்டுமென்று விதித்தார்கள். மறுகணமே உலகமெங்கும் தொழிற்சாலைக்காரர்கள் கைச்சரக்கை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

இதனால் நமக்குக் கதியில்லை என்று பொருளன்று. அலுமினாவைக் கலந்த தகட்டுக்கு இட்ரியமும் குறைவாகத்தான் வேண்டும். அலுமினாவுக்கோ நம் தேசத்தில் பஞ்சமில்லை. சேர்வராயன் மலையிலேயே அதன் தாது இருக்கிறது. சூடு தாங்கும் தன்மைக்காகப் பிறர் சேர்க்கும் அலுமினா நமக்கு இட்ரிய மிச்சமும் தருகிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1953 ஜனவரியில் திறந்த மத்திய மின்ரஸாயன ஆராய்ச்சிக் கழகத்தில் குழாய் விளக்குக்கு வேண்டிய ஒளிர்பொடிகளைப் பற்றிப் பல வருஷங்கள் வேலை நடந்ததுண்டு. அந்தப் பொடி வித்தையும் ஒரு நல்ல சூளையும் சேர்ந்தால் இந்தத் தகடு நமக்கு எட்டாத காரியமாக எனக்குத் தோன்றவில்லை. எட்டாமலிருப்பது, அதை வாங்கிக்கொள்ளும் விளக்குத் தொழிற்சாலை.

ஒரு விஷயம் பாக்கி. விளக்கு வர்ணங்களை உள்ளபடி காட்டுகிறதா என்று அளக்கச் சர்வதேச ஒளியியல் கமிஷனார் ஓர் எண் வைத்திருக்கிறார்கள்; வெயிலுக்கு 100. விளக்குப் பெட்டிகளில் 80, 90 என்று அச்சடித்திருப்பது அதுதான். எட்டு மாதிரி வர்ணங்களின்மேல் விளக்கைக் காட்டிச் சராசரி எடுத்தது அந்த எண். எட்டும் சாம்பல் பூத்த மங்கல் வர்ணங்கள்! ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது. அது சராசரியில் சேர்வதில்லை. ஆகையால், சிவப்பில் சைபரை ஒட்டி வாங்கிய விளக்கும் மொத்தத்தில் 80 வாங்கித் தேறிவிடலாம். 2015-ல் அமெரிக்க விளக்குப் பொறியாளர் சங்கத்தார் 99 வர்ணங்கள் கொண்ட நல்ல முறை ஒன்றை வெளியிட்டார்கள். கடைத்தெருவில் இன்னும் பழைய எட்டின் ஆட்சிதான். ஜவுளிக் கடைக்கு விளக்கு வாங்குகிறவர்கள் அந்த ஒன்பதாவது எண்ணையும் கேட்டு வாங்குவது நல்லது. கேட்க ஆரம்பித்தால் விற்கிறவர்களும் தேட ஆரம்பிப்பார்கள்.

பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கையில் இதையெல்லாம் பெரியவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியானால் சாயத்தில் குற்றமில்லை" என்றார் முதலில். பிறகு, "எட்டு வர்ணம் பொறுக்கினார்களே, அதில் சிவப்புக்கு ஏன் ஐயா இடமில்லை? அவர்கள் ஊரில் கலியாணத்துக்குச் சிவப்பு உடுத்த மாட்டார்களோ?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது; பதில் வரவில்லை. மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது படங்காட்டும் பையன் யந்திரத்தைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். பெட்டியின் நான்கு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். 20,000 மணி நேரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒன்பதாவது எண்ணை எங்கும் காணோம். வாசலில், வண்டிக்காக நின்ற மணப்பெண்ணின் முந்தானையைப் பெரியவர் வெயிலில் லேசாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.